மைமூன் விழுந்தால் விழு

கால்சட்டைப் பொத்தான் மூன்றாவது முறையாகத் தெறித்து மணலில் விழுந்தபோது மணி எட்டரை. பென்னாசர் ஹாஜி வரும் பஸ் பன்னிரண்டு மணிக்கு. அதற்குள் மைமூன் ராணுவ வீரர் ஆகியாக வேண்டும்.

"மூச்சை நல்லா உள்ளே இழுங்க மாமா," என்றான் ஜவாத்.

"இழுத்துட்டுத்தான்டா இருக்கேன். இதுக்கு மேல இழுத்தா முதுகு வழியா வெளியே வந்துடும்."

"அப்போ பொத்தானை விட்டுடுங்க. மேலே பெல்ட்டைப் போட்டு இறுக்கிக்கலாம்."

ஜவாத் காஸாபிளாங்காவிலிருந்து வந்திருந்த இளைஞன். உடற்பயிற்சிக் கூடத்தில் வளர்த்த தோள்கள். அந்தத் தோள்களுக்காகவே அவனைப் படத்தில் நவீன ராணுவ வீரனாகப் போட்டிருந்தார்கள். ஆனால் நேற்று மாலை ஊர்ச் சந்தையில் மூன்று கிண்ணம் அவரைக்காய்க் கஞ்சியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்று காலையிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடாரத்தின் பின்பக்கம் போவதும் வருவதுமாக இருந்தான். மைமூன் அவனிடம் சீருடையைக் கேட்டபோது, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் கழற்றிக் கொடுத்துவிட்டான். கொடுத்த கையோடு மறுபடியும் பின்பக்கம் ஓடினான்.

மைமூனுக்கு வயது ஐம்பத்து நான்கு. வர்ஸாஸாத் ஊருக்கு வெளியே, அட்டையாலும் சாந்தாலும் கோட்டைகள் கட்டிப் படம் எடுக்கும் பொட்டலில் முப்பத்தொரு வருஷமாக அவருக்கு ஒரே வேலை. சாவது. பாபிலோனுக்காகச் செத்திருக்கிறார். எகிப்துக்காக இரண்டு முறை, ஒரே வாரத்தில், செத்திருக்கிறார். கார்த்தேஜுக்காகச் செத்ததற்குக் கணக்கே கிடையாது. ஒரு தடவைகூட ஜெயித்த பக்கத்தில் நின்றதில்லை. ஜெயிப்பதற்கு ரோமர்கள் இருந்தார்கள். ரோமர்கள் எப்போதும் வெளியூர்க்காரர்கள். லாரியில் வந்து இறங்குவார்கள், ஜெயிப்பார்கள், லாரியில் ஏறிப் போய்விடுவார்கள்.

இதில் மைமூனுக்கு வருத்தமெல்லாம் இல்லை. செய்கிற வேலையைச் சுத்தமாகச் செய்கிறவர். இடது முழங்கால் முதலில் மடங்கும், அரைச் சுற்றுச் சுற்றுவார், முகம் வானத்தைப் பார்க்கும்படி விழுவார். விழுவதற்கு முன்னால் கேடயத்தை மட்டும் மெதுவாகத் தரையில் வைத்துவிடுவார். எந்தப் போர்வீரனய்யா சாகிற நேரத்தில் கேடயத்தைப் பத்திரமாக வைத்துவிட்டுச் சாகிறான் என்று எத்தனையோ டைரக்டர்கள் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். மைமூன் மாற்றிக்கொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை, உணர்ச்சிவசப்பட்டு அவர் வீசிப்போட்ட கேடயம் யார் முகத்திலோ பட்டு ரத்தம் கொட்டிவிட்டது. மன்னிப்புக் கேட்கலாமென்றால் ஆள் யாரென்று தெரியவில்லை. தலைக்கவசம் போட்டுவிட்டால் எல்லோரும் ஒரே முகம்தான். அன்றிலிருந்து இந்தப் பழக்கம்.

இப்படி நிம்மதியாகச் செத்துக்கொண்டிருந்த மனிதரை ராணுவத்தில் சேர்த்துவிட்டது அவருடைய மைத்துனி ஃபத்மா.

மைமூனின் மகள் தூதா பள்ளிக்கூட ஆசிரியை. தின்ஹீர் ஊர்த் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் யீதிர் என்பவனுக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. இதுவரை எல்லாம் சரி. யீதிரின் அப்பாதான் பென்னாசர் ஹாஜி. முப்பது வருஷம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மகனுக்கு வந்த மூன்று சம்பந்தங்களை, பெண்ணின் அப்பாவுக்கு ஒழுங்கு போதாது என்று திருப்பி அனுப்பியவர். தூது போன ஃபத்மா, சூழ்நிலையைப் பார்த்து, "பொண்ணோட அப்பாவும் படையிலதான் இருக்கார்," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

விஷயம் தெரிந்ததும் மைமூன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"எதுக்கு இப்படி ஒரு பொய்யைச் சொல்லிட்டு வந்திருக்கா உன் தங்கச்சி?"

"இதுல என்ன பொய் இருக்கு?" என்றாள் மனைவி இத்தோ. "நீங்க படையில இல்லையா? நீங்க இல்லாத படை எது, சொல்லுங்க பாப்போம்."

"அந்த மனுஷன் நிஜ ராணுவம்டி!"

"ஆமா, நிஜம்தான். ஃபத்மா பாத்திருக்கா. தாடையில ரெண்டு விரல் நீளத்துக்குச் சண்டைத் தழும்பாம். எந்தச் சண்டைன்னு சொந்தப் பொண்டாட்டி கேட்டாக்கூட வாயைத் திறக்க மாட்டாராம். அவ்வளவு கௌரவமான குடும்பம். நீங்க பாட்டுக்கு உளறி வெச்சிடாதீங்க."

தூதா டீக் கெண்டியோடு வந்தாள். அப்பாவுக்கு டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, எதிரிலேயே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியிருந்தால்கூடத் தேவலாம் என்று மைமூனுக்கு இருந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஹாஜி ஃபோன் செய்தார். வீட்டில் வைத்து ஒரு மனிதனை எடை போட முடியாது, வேலையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், புதன்கிழமை பன்னிரண்டு மணி பஸ்ஸில் முகாமுக்கே வருகிறேன் என்றார்.

ஆண்டவன் ஒரேயடியாகக் கைவிடவில்லை. இந்தப் படத்தில், முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக, நிஜ ராணுவச் சீருடை இருந்தது. இன்றைய காலத்துப் போர்வீரர்கள் பன்னிரண்டு பேர் மணற்புயலில் வழிதவறி, இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் பின்னால் போய், பாரசீகப் படையின் நட்டநடுவில் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது கதை. பன்னிரண்டு பேரும் துப்பாக்கியால் மொத்தப் படையையும் ஒழித்துக்கட்டுகிறார்கள். பாரசீகப் படைக்கு ஊர்க்காரர்கள் இருநூற்றைம்பது பேர். மிச்ச ஆயிரக்கணக்கானவர்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்வார்களாம்.

ஒரே ஒரு மணி நேரம் அந்தப் பன்னிரண்டில் ஒருவராக நின்றால் போதும். படத்துக்காக ராணுவத்திலிருந்து அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். ஹாஜி பார்ப்பார், தலையாட்டுவார், அடுத்த பஸ்ஸில் போய்விடுவார்.

"உனக்குப் பதிலா யாருய்யா சாவாங்க?" என்றார் ஜிலாலி. கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி அவர்தான்.

"மிச்சம் இருநூத்து நாப்பத்தொன்பது பேர் இருக்காங்கல்ல? யாராவது சாவாங்க."

"சரி, ஓரமா நில்லு. தொந்தியைக் காட்டாதே," என்றார் ஜிலாலி. அந்த நிமிஷத்தில் அது பெரிய விஷயமாக இரண்டு பேருக்குமே படவில்லை.

பாரசீகர்கள் அப்போது நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்து ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரிக் குளிரில் வெறும் காலும் தகரக் கவசமுமாக எல்லோருக்கும் பல் தந்தியடித்தது. ஊரில் குழாய் ரிப்பேர் வேலை பார்க்கும் ஹம்மாதிக்கு இந்தக் கதையே பிடிக்கவில்லை.

"பன்னெண்டு பேரு, இருநூத்தைம்பது பேரைக் கொல்றானாம். நம்பற மாதிரியா இருக்கு?"

"துப்பாக்கி வெச்சிருக்கான்ல," என்றார் ஒருவர்.

"இருக்கட்டும். ஆளுக்கு முப்பது குண்டு. எல்லாமே படுமா? பாதி காத்துல போகும். குண்டு தீர்ந்துச்சுன்னா? அந்தத் துப்பாக்கியை வெச்சுக் குழாயைக்கூட அடைக்க முடியாது. என் கையில ஈட்டி இருக்கு. ஈட்டி தீருமா?"

"தீராது."

"பின்னே? நியாயமாப் பாத்தா நாமதான் ஜெயிக்கணும்."

அத்தனை பாரசீகர்களும் அதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் நியாயத்துக்கும் கூலிக்கும் சம்பந்தமில்லை என்பதால் எழுந்துபோய் வரிசையில் நின்றார்கள்.

முதல் தடவை எடுத்தார்கள். டைரக்டர் ஏதோ சொன்னார். அவருடைய உதவியாளர் நஜ்வா, ரபாத்திலிருந்து வந்த பெண், அதை ஒலிபெருக்கியில் கத்தினாள். இருநூற்றைம்பதுக்கு ஒன்று குறைவான பாரசீகர்கள் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு ஓ என்று கத்தியபடி ஓடிவந்தார்கள். பன்னிரண்டு பேரும் துப்பாக்கியை நீட்டினார்கள். பொம்மைத் துப்பாக்கி. சத்தம், நெருப்பு எல்லாம் பின்னால் சேர்ப்பதாக ஏற்பாடு. காஸாபிளாங்கா இளைஞர்கள் சுடுவதைப்போலத் தோளைக் குலுக்கிக் குலுக்கிக் காட்டினார்கள்.

பாரசீகர்கள் பாட்டுக்கு ஓடிவந்தார்கள். ஒருவரும் சாகவில்லை.

ஹம்மாதி ஒரு இளைஞனுக்கு நேர் எதிரே வந்து, மூச்சு வாங்க, மரியாதையாக நின்றார்.

"தம்பி, நீங்க என்னை ஏதாவது பண்ணணுமா, இல்ல நான் இப்படியே போகவா?"

"நான்தான் உங்களை அப்பவே சுட்டுட்டேனே சார்."

"எப்போ?"

"நீங்க அந்தப் பாறைகிட்ட வரும்போதே."

"சொல்லவே இல்லையே தம்பி!"

நஜ்வா ஓடிவந்தாள். "ஏன் யாருமே சாகலை?"

"யாரும் கொல்லலையேம்மா," என்றார் ஹம்மாதி. "வாளோட ஒருத்தன் கிட்ட வருவான், நாங்க சாவோம். இங்க ஒருத்தனும் பக்கத்துலயே வரலை."

"துப்பாக்கியில சுட்டாங்கல்ல!"

"துப்பாக்கின்னா என்னன்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? நாங்க ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின ஆளுங்க."

நஜ்வா கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தாள். யோசித்துவிட்டு, விசில் அடிக்கிறேன், விசில் கேட்டதும் சாகுங்கள் என்றாள்.

இரண்டாவது தடவை எடுத்தார்கள். பாரசீகர்கள் நாலு எட்டு வைத்தார்கள், நஜ்வா விசில் அடித்தாள். இருநூற்று நாற்பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் பொத்தென்று விழுந்தார்கள். குதிரைகளைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றவரும் விழுந்தார். குதிரைகள் ஊரைப் பார்க்க நடந்தன. டீத்தட்டோடு குறுக்கே வந்துகொண்டிருந்த கிழவர் அல்லால்கூட, பழைய பழக்கத்தில், தட்டைப் பதமாகக் கீழே வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

இது போரா, கொள்ளைநோயா என்று டைரக்டர் கேட்டதாக நஜ்வா வந்து சொன்னாள்.

குதிரைகளைத் தேடிப் பிடித்து வருவதற்குள் பத்தரை ஆகிவிட்டது. இத்தோ ஃபோன் செய்தாள்.

"அவர் பஸ் ஏறிப் பாதி வழி வந்தாச்சாம். சீருடை போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"எப்படி இருக்கு?"

"இறுக்கமா இருக்கு."

"ஜெயிச்சீங்களா?"

"இன்னும் இல்ல. இந்தப் பயலுங்க சாக மாட்டேங்கறானுங்க," என்றார் மைமூன். தன்னுடைய வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வருமென்று அவர் நினைத்ததே இல்லை.

நஜ்வா படித்த பெண். அடுத்த முறைக்குத் திட்டமாகவே ஒன்று போட்டாள். பாரசீகர்களைப் பத்து வரிசையாகப் பிரித்து, முதுகில் சுண்ணாம்பால் எண் போட்டாள். ஒரு விசிலுக்கு முதல் வரிசை சாக வேண்டும், இரண்டு விசிலுக்கு இரண்டாவது வரிசை, இப்படியே பத்து வரைக்கும். எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. முதலில் செத்தவன்தான் கடைசிவரை அந்தச் சில்லிட்ட மணலில் வெறும் முதுகோடு கிடக்க வேண்டும். சாவதில் முப்பது வருஷ அனுபவம் உள்ளவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஓட ஆரம்பித்ததும் முதல் வரிசைக்காரர்கள் செருப்பு அறுந்ததுபோலக் குனிந்தார்கள். இரண்டாவது வரிசைக்காரர்கள் அவர்களுக்கு உதவ நின்றார்கள். மூன்றாவது வரிசைக்கு மூச்சு வாங்கியது. நஜ்வா முதல் விசிலை அடித்தபோது முதல் வரிசையில் ஓர் ஆள் இல்லை. பத்தாவது வரிசையில் இருநூறு பேர் இருந்தார்கள்.

டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். தெற்கே அடிவானம் பழுப்பாக மாறத் தொடங்கியிருந்தது. மதியத்துக்குமேல் மணற்காற்று வரும், அதற்குள் முடியவில்லை என்றால் கூட்டத்தைக் கலைத்துவிட்டு வேறு ஊருக்குப் போய் எடுத்துக்கொள்கிறோம் என்று நஜ்வா மூலம் சொல்லி அனுப்பினார். இன்னும் பதினைந்து நாள் வேலை பாக்கி இருந்தது. பாரசீகர்களின் முகம் சுருங்கிப்போயிற்று.

ஜிலாலி ஒரு பாறைமேல் ஏறி நின்று கூட்டத்தையே பார்த்தார். பிறகு இறங்கி நேராக மைமூனிடம் வந்தார்.

"விஷயம் புரிஞ்சுடுச்சுய்யா. எல்லாப் பயலும் உன் முதுகைத் தேடறான்."

அது உண்மைதான். டைரக்டர்கள் என்ன பேசுகிறார்கள் என்று இந்தப் பொட்டலில் யாருக்கும் புரிந்ததில்லை. ஒலிபெருக்கியில் வருகிற அரபி காற்றோடு போய்விடும். முப்பத்தொரு வருஷமாகக் கூட்டம் பார்த்தது ஒன்றைத்தான். முன்னால் ஓடுகிற மைமூன் விழுந்தாரானால், பக்கத்தில் இருப்பவர்கள் விழுவார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள். அலை மாதிரி அது பின்னால் போய்ச் சேரும். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு ஜிலாலி சொல்லிக்கொடுக்கிற பாடமே நாலு வார்த்தைதான்: ஓடு, மைமூன் விழுந்தால் விழு.

"அப்ப நான் சீருடையைக் கழட்டணுமா?" என்றார் மைமூன். மணி பதினொன்றரை.

ஜிலாலி கெட்டவர் இல்லை. அவருக்கும் மூன்று பெண்கள்.

"வேணாம். ஒண்ணு பண்ணு. நீ இப்படியே ஓரத்துல நில்லு. காமிரா உன்மேல வராது. நான் கையைக் காட்டறப்போ அங்கேயே விழு. அவனுங்க உன்னைப் பாத்துட்டு விழுந்துடுவானுங்க."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

நாலாவது தடவை. பாரசீகர்கள் ஓடிவந்தார்கள். ஜிலாலி கையைக் காட்டினார். மைமூனின் இடது முழங்கால் மடங்கியது. அரைச் சுற்றுச் சுற்றினார். துப்பாக்கியை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்து விழுந்தார்.

பக்கத்தில் நின்ற காஸாபிளாங்கா இளைஞன் அதைப் பார்த்தான். பெரியவர், அனுபவசாலி, கதையை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து அவனும் விழுந்தான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் விழுந்தான். பதினோரு பேரும் வரிசையாக, தோள்களோடு, சாய்ந்தார்கள்.

பாரசீகர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். எதிரில் ஓர் எதிரிகூட நிற்கவில்லை.

"டேய்," என்றார் ஹம்மாதி தயக்கமாக. "நாம ஜெயிச்சுட்டோமாடா?"

ஒருவன் குலவை போட்டான். அவ்வளவுதான். பாபிலோனில் செத்தவர்கள், எகிப்தில் செத்தவர்கள், கார்த்தேஜில் அப்பாவும் மகனுமாகச் செத்தவர்கள் எல்லோரும் ஈட்டியை எறிந்துவிட்டுத் தோளோடு தோள் சேர்த்து ஆட ஆரம்பித்தார்கள். கேடயங்களைத் தட்டித் தாளம் போட்டார்கள். அல்லால் கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் டீ கொடுத்தார், அதுவும் இலவசமாக. நஜ்வாவின் விசிலை யாரும் சட்டை செய்யவில்லை.

ஹம்மாதி வந்து மைமூனின் நெஞ்சின்மேல் ஒரு காலை வைத்தார்.

"மன்னிச்சுக்கப்பா மைமூன். ஒரே ஒரு ஃபோட்டோ."

"காலை எடுடா. எனக்கு விருந்தாளி வர நேரம்."

"ஒரே நிமிஷம். என் பொண்டாட்டி நம்ப மாட்டா."

அன்றைக்கு என்று பார்த்து தின்ஹீர் பஸ் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டது. கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் பழுப்பு நிற ஜெல்லாபா அங்கி அணிந்த ஒருவர், கையில் தடியோடு, முதுகு வளையாமல் நின்றுகொண்டிருந்தார். தாடையில் இரண்டு விரல் நீளத்துக்குத் தழும்பு. தனக்குச் சம்பந்தி ஆக வேண்டிய ராணுவ வீரர் ஒரு பாரசீகக் குழாய்க்காரரின் காலடியில் கிடப்பதை அவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைமூன் எழுந்து போனார். சட்டையின் நெஞ்சில் ஹம்மாதியின் பாதம் ஐந்து விரலோடும் பதிந்திருந்தது.

"நீங்கதான் மைமூனா?"

"ஆமா ஹாஜி. வாங்க. வழியில ஒண்ணும் கஷ்டமில்லையே?"

"இல்ல. எந்தப் பிரிவு?"

இந்தக் கேள்விக்கு இரண்டு நாளாக வீட்டில் இத்தோ பதில் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒரு வார்த்தை ஞாபகம் வரவில்லை. அதற்குள் பின்னாலிருந்து ஜிலாலியின் குரல் பொட்டலே அதிரும்படி வந்தது.

"மைமூன்! அந்தச் சனியன் பிடிச்ச சட்டையைக் கழட்டிட்டு வாய்யா! கடைசித் தடவையாம்! வந்து செத்துட்டுப் போ! இருநூத்தைம்பது பேரோட பொழப்பு உன் கையில இருக்கு!"

ஹாஜி குரல் வந்த பக்கம் பார்த்தார். பிறகு மைமூனைப் பார்த்தார்.

மைமூன் திரும்பினார். ஆட்டம் நின்றுபோயிருந்தது. சற்றுமுன் ஜெயித்த அத்தனை பேரும் குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வானம் பழுப்பாக ஏறிக்கொண்டு வந்தது. தூதாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அவள் இன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் காத்திருப்பாள்.

"மன்னிக்கணும் ஹாஜி," என்றார். "எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு. முடிச்சுட்டு வந்துடறேன்."

ஹாஜியின் முன்னாலேயே பெல்ட்டை அவிழ்த்தார். சட்டையைக் கழற்றி மடித்துக் கயிற்றின்மேல் போட்டார். பாரசீகப் பாவாடையைச் சுற்றிக்கொண்டு, தகரக் கவசத்தை மாட்டிக்கொண்டு, கேடயத்தை எடுத்துக்கொண்டு நடந்தார். கூட்டம் வழிவிட்டது. முன்வரிசையில் தன் இடத்தில் போய் நின்றார். மானம்தான் போய்விட்டது, வேலையையாவது ஒழுங்காகச் செய்துவிட்டுப் போவோம் என்று நினைத்துக்கொண்டார்.

ஓடினார்கள். எதிரே பதினோரு துப்பாக்கிகள் சத்தமில்லாமல் குலுங்கின. பாறையைத் தாண்டியதும் மைமூன் நெஞ்சில் கைவைத்தார். கேடயத்தை மெதுவாகத் தரையில் வைத்தார். இடது முழங்கால் மடங்க, அரைச் சுற்றுச் சுற்றி, வானத்தைப் பார்த்து விழுந்தார். அவருக்கு இடப்பக்கம் ஐந்து பேர் விழுந்தார்கள், வலப்பக்கம் ஏழு பேர். ஹம்மாதி கடைசிவரை முறைத்துப் பார்த்துவிட்டு, போனால் போகிறதென்று விழுந்தார். அலை பின்னால் போய்க்கொண்டே இருந்தது. கடைசி வரிசையின் கடைசி ஆள் விழுந்து அடங்கியபோது பொட்டலில் நின்றவர்கள் அந்தப் பதினோரு இளைஞர்கள் மட்டும்தான்.

டைரக்டர் தொப்பியைத் தரையிலிருந்து எடுத்து மண்ணைத் தட்டித் தலையில் போட்டுக்கொண்டார்.

"முடிஞ்சது! எல்லாரும் எழுந்திரிங்க!" என்று நஜ்வா ஒலிபெருக்கியில் கத்தினாள்.

யாரும் எழவில்லை. ஏனென்றால் மைமூன் எழவில்லை. அவருக்குக் கண்ணைத் திறக்கவே வெட்கமாக இருந்தது. இந்த ஒரு தடவை நிஜமாகவே செத்திருந்தால் இத்தோவுக்கும் தூதாவுக்கும் பதில் சொல்லாமல் தப்பித்திருக்கலாம் என்று தோன்றியது.

தடியின் சத்தம் பிணங்களுக்கு நடுவே வழி பார்த்து வந்தது. தலைமாட்டில் வந்து நின்றது. யாரோ பெருமூச்சோடு பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தார்கள்.

"எழுந்திரிங்க. இத்தனை பேர் உங்களுக்காகக் காத்துக்கிட்டுக் கிடக்காங்க."

மைமூன் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"ஹாஜி, நான் ராணுவத்துல இல்ல. ஒரு நாளும் இருந்ததில்ல. முப்பத்தொரு வருஷமா எனக்கு இதான் வேலை. உங்களை ஏமாத்தினது தப்பு. ஆனா என் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. அவ பொய் சொல்லச் சொல்லலை. அவளுக்குப் பொய்யே வராது. அவளை மட்டும் தப்பா நினைச்சுடாதீங்க."

மைமூன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். ஹாஜி அந்தக் கேடயத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அதன் விளிம்பைக் கட்டை விரலால் மெதுவாகத் தடவினார். அப்புறம் அதே விரலால் தன் தாடையைத் தடவினார்.

"அந்த அரைச் சுற்றைப் பாத்ததுமே ஆளைத் தெரிஞ்சுக்கிட்டேன்," என்றார் ஹாஜி. "இப்பல்லாம் கேடயத்தைக் கீழே வெச்சிட்டுத்தான் சாகறீங்க, நல்ல பழக்கம் சம்பந்தி. எங்க பட்டாளத்தை லாரியில ஏத்திக்கிட்டு வந்து ரோமாபுரிப் படைன்னு நிறுத்தினாங்களே, அன்னிக்கே இப்படிச் செத்திருந்தீங்கன்னா, இது எந்தச் சண்டையில பட்டதுன்னு என் பொண்டாட்டிகிட்ட நான் இத்தனை வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்திருக்க வேண்டாம்."